கோணல் சார் வரையக் கற்ற வரலாறு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய விஷயந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சக்கரத்தை வட்டமாக வரைய ஒரு மனிதர் கற்றுக்கொண்டது அதைவிடப் பெரிய விஷயம். முன்னது தற்செயலாக நடந்திருக்கலாம். பின்னது தலைமை அலுவலக உத்தரவின்படி, முறைப்படி நடந்தது. இதை எழுதி வைக்காவிட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது.

அந்த மனிதர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் வாகனப் பிரிவில் சர்வேயர். எந்த வண்டி எதன்மேல் மோதினாலும் போய்ப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, அறிக்கை எழுதி, கூடவே அடிபட்ட வண்டியை ஒரு தாளில் கையால் வரைந்தும் அனுப்ப வேண்டியவர். முகத்துக்கு நேரே எல்லாரும் அவரை 'சார்' என்றார்கள். முதுகைத் திருப்பியதும் 'கோணல் சார்'. காரணம் அவர் குணமல்ல, குணம் தங்கம். காரணம் அவர் போடும் கோடு.

கைபேசியை ஒரு தட்டுத் தட்டினால் படம் விழுகிற காலத்தில் கையால் எதற்கு வரைய வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் இப்போது வேறு ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். முன்னொரு சமயம் யாரோ ஒரு புண்ணியவான், நொறுங்கிய கார் ஒன்றின் போட்டோவில் நம்பர் பலகையை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டி, கிளை கிளையாகப் பணம் வாங்கிப் போய்விட்டான். அன்றோடு போட்டோ என்றாலே தலைமை அலுவலகத்துக்கு ஆகாமல் போயிற்று. 'கேமரா பொய் சொல்லும். நம் ஊழியரின் கை பொய் சொல்லாது' என்று தீர்மானம் போட்டு, 'படத்தாள்' என்று ஒன்றை அச்சடித்து அனுப்பினார்கள். அதில் வண்டியை வரைய ஒரு பெரிய கட்டம். அடியில் ஒரே ஒரு வரி: 'சேதத்துக்குக் காரணமானவர்'. அதற்கு எதிரே பெயர் எழுத ஒரு கோடு. தலைமை அலுவலகத்தில் கிளைம் பாஸ் பண்ணுகிறவர்கள் அறிக்கையைப் படிப்பதில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. படத்தைப் பார்த்து முத்திரை குத்திவிடுவார்கள்.

கோணல் சாரின் கை பொய் சொன்னதில்லை. உண்மை சொன்னதாகவும் யாரும் நிரூபிக்கவில்லை. அவர் கார் வரைந்தால் மழையில் படுத்த எருமை தெரியும். ஸ்கூட்டர் வரைந்தால் காற்றில் பிய்ந்த குடை. பஸ் மோதிய வழக்குகளில் பஸ்ஸை அவர் வரைவதில்லை, அம்புக்குறி போட்டு 'பஸ்' என்று எழுதிவிடுவார்.

இதில் ஓர் அதிசயம். அந்தக் கிளை அனுப்பும் கிளைம் எதுவும் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததே கிடையாது. பம்பரில் பூனை பிராண்டியது மாதிரி ஒரு கீறல் என்றாலும், கோணல் சாரின் படத்தைப் பார்த்தவர்கள், "ஐயோ, ஓட்டினவர் பொழைச்சாரா?" என்று பதறி உடனே முத்திரை குத்தினார்கள். கிளையின் இந்தப் பெருமைக்குத் தம் நிர்வாகத் திறமையே காரணம் என்று மேலாளர் நம்பினார். தம் அறிக்கையின் நடையழகே காரணம் என்று கோணல் சார் நம்பினார். வாடிக்கையாளர்கள் எதையும் நம்பவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படி எல்லாரும் நன்றாக இருந்த நேரத்தில்தான் முன்னேற்றம் வந்து சேர்ந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். கூட்டம் போட்டார். கூட்டத்தின் நடுவில் ஒரு படத்தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

"கார் சார்" என்றார் கோணல் சார்.

"எந்தப் பக்கம் முன்பக்கம்?"

கோணல் சார் எழுந்து போய்த் தாளைக் கையில் வாங்கினார். ஒருமுறை திருப்பினார். மறுபடியும் திருப்பினார். "நேர்ல பாத்தீங்கன்னா தெரியும் சார்."

"காருக்குக் கால் இருக்கே?"

"அது விளக்குக் கம்பம் சார்."

"விளக்குக் கம்பம் ஏன் காருக்குள்ள இருக்கு?"

"அதான் சார் விபத்தே."

கூட்டத்தில் யாரோ தும்மல் மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. "நம்ம கம்பெனி ஆடு மாட்டுக்கு இன்சூரன்ஸ் பண்றதில்ல, தெரியும்ல?" என்றார். அடுத்த ஆய்வுக்குள் கோணல் சார் 'ஓவியத் திறனை மேம்படுத்திக்கொள்ள' வேண்டும். தவறினால் அடித்தளத்தில் உள்ள பழைய கோப்பு அறைக்கு மாற்றப்படுவார் என்று அங்கேயே உத்தரவாயிற்று. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போன ஒருவர், ஓய்வு பெற்றுவிட்ட செய்தி தெரியாமல் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு பேச்சு உண்டு.

கோணல் சார் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீங்க வரைஞ்சா பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்னு ஊருக்கே தெரியுமே. வீடு மாறினப்போ சாமான் வண்டிக்காரருக்கு வழி வரைஞ்சு குடுத்தீங்க. நம்ம கட்டில் ரெண்டு நாள் யார் வீட்டுலயோ கிடந்துச்சு."

"அந்தாளுக்குப் படம் பாக்கத் தெரியல."

"அவங்க அதுல படுத்துத் தூங்கியிருக்காங்க."

"இப்ப நான் கத்துக்கப் போறேன். முறைப்படி."

"கத்துக்கோங்க. அப்படியே இந்த மிஷினுக்கு மேல இருக்கிற பல்பையும் மாத்திக் குடுங்க. மினுக் மினுக்குனு கண்ணு வலிக்குது. இந்த மேஜை விளக்கு ஒண்ணை வச்சுத்தான் ஒப்பேத்திட்டு இருக்கேன்."

"ம்" என்றார் கோணல் சார். அவர் மனம் அப்போதே கலைக்குள் போய்விட்டது.

கலைக்குள் போகும் வழி கடைக்குள் போகிறது. எழுதுபொருள் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தொடக்கநிலை ஓவியரைப்போல நல்ல வாடிக்கையாளர் உலகத்தில் இல்லை. கடினப் பென்சில், மென் பென்சில், இரண்டுக்கும் இடைப்பட்ட பென்சில்கள், கரிக்கட்டி, மூன்று வகை ரப்பர், பென்சில் சீவிய தூளைத் தட்ட ஒரு குட்டித் துடைப்பம் எல்லாம் வாங்கினார். "சாருக்கு எவ்ளோ நாளா வரையற பழக்கம்?" என்றார் கடைக்காரர். "நாளையிலேருந்து" என்றார் கோணல் சார்.

அடுத்தது குரு. இணையத்தில் தேடியபோது, 'ஒரே மாதத்தில் ஓவியர்' என்ற வகுப்பு தானாக வந்து அவர் முன் நின்றது. கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர், பின்னால் ஒரு காய்ந்த செடியை வைத்துக்கொண்டு, திரையிலிருந்து கனிவாகப் பார்த்தார். முதல் வகுப்பில் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் வகுப்பில், "பென்சிலை நீங்க பிடிக்காதீங்க, பென்சில் உங்களைப் பிடிக்கட்டும்" என்றார். கோணல் சார் மேஜைமேல் கையை நீட்டி வைத்து, பென்சிலுக்கு வெகுநேரம் வாய்ப்புக் கொடுத்தார்.

மூன்றாம் வகுப்பில்தான் கோடு வந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். கோணல் சாருக்குச் சிக்கலே வேறு. எல்லாம் வளைந்துதான் வந்தது, நேராக்குவதுதான் பெரும்பாடு. மேஜை ஆடுகிறது என்று காலுக்கு அட்டை வைத்தார். தாள் வழுக்குகிறது என்று மாற்றினார். நாற்காலி உயரம் என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முன்னறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பின்னாலேயே மிஷின் ஓடுகிற சத்தமும்.

"வெளிச்சம் ஒரே பக்கத்துலேருந்து வரணும், அப்பத்தான் நிழல் பிடிபடும்" என்று குரு சொன்ன அன்று, கோணல் சார் முன்னறைக்குப் போய் மேஜை விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, நான் தைச்சிட்டிருக்கேன்."

"ஒரு நிமிஷம். நிழல் பாத்துட்டுத் தந்துடறேன்."

கலையில் ஒரு நிமிஷம் என்பதற்குக் கடிகாரம் கிடையாது. விளக்கு அங்கேயே தங்கிவிட்டது.

இத்தனை கேலிக்கு நடுவில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோணல் சார் உண்மையிலேயே கற்றுக்கொண்டார். தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து தாள் தாளாக வட்டம் போட்டார். கோப்பையைப் பார்க்காமல் கோப்பையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பார்த்து வரைந்தால் கோப்பை தானாக வருகிறது என்று கண்டுபிடித்தார். எந்த வண்டியும் முதலில் ஒரு பெட்டி, அப்புறந்தான் வண்டி என்று கண்டுபிடித்தார். சாய்வாகப் பார்த்தால் சக்கரம் வட்டமில்லை, ஒடுங்கிய வட்டம் என்று தெரிந்த அன்று, இத்தனை வருஷம் சக்கரங்களோடே பிழைப்பு நடத்தியும் ஒரு சக்கரத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கட்டைவிரல் நகத்தை வரைந்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தார்.

அந்தத் தெம்பில் மனைவியை வரைந்தார்.

"யாரு இது?"

"நீதான்."

அவள் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "எங்க அண்ணன் மாதிரி இருக்கு. மீசை மட்டும் எடுத்திருக்காரு."

என்றாலும் அலுவலகத்தில் விளைவு தெரிய ஆரம்பித்தது. கார் காராக இருந்தது. முன்பக்கம் முன்பக்கத்திலேயே இருந்தது. மேலாளர் ஒரு படத்தாளின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். 'கோணல் சார்' என்ற பெயர் மறைந்து 'ஓவியர்' ஆயிற்று. இப்போது முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது. கீறல் கீறலாகவே வரையப்பட்டதால், 'சேதம் சிறிது. வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ளவும்' என்ற குறிப்போடு கிளைம்கள் வரிசையாகத் திரும்பி வந்தன.

"பாத்தீங்களா ஓவியரே," என்று மேலாளர் பூரித்தார், "நீங்க வரைய ஆரம்பிச்சதும் நமக்கு நஷ்டமே நின்னு போச்சு!"

"ஜனங்க இப்பல்லாம் பாத்து ஓட்டுறாங்க சார்" என்றார் ஓவியர், அடக்கமாக.

குருவும் சும்மா இருக்கவில்லை. தொடக்கநிலையை முடித்தவர்களுக்காக 'தங்க நிலை' என்று ஒன்றைத் தொடங்கினார். அதன் மூலமந்திரம்: "ஓவியன் குறையைப் பாக்கிறதில்ல, அழகைப் பாக்கிறான்." கண்ணை உறுத்துவதை எல்லாம் ஒற்றி எடுப்பதற்கென்று மாவு மாதிரி பிசைகிற ரப்பர் ஒன்றும் உண்டு. அதைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தால் மனமும் இளகும் என்றார் குரு. கோணல் சார் உருட்டினார். இளகிற்று. அந்த இளகிய நிலையில் மனைவியை மறுபடி வரைந்து, உறுத்தியதை எல்லாம் ஒற்றி எடுத்து நீட்டினார்.

படத்தில் ஒரு பெண் நிலா மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"யாருங்க இவ?"

"நீதான்ம்மா."

"நெசமாச் சொல்லுங்க. ஆபீஸ்ல யாராவது புதுசா சேர்ந்திருக்காங்களா?"

இந்தக் கட்டத்தில்தான் சலவைக்கார அம்மா வந்தாள். ஊரில் உள்ள தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் தன் வேனில் அள்ளிக்கொண்டு வந்து, வெளுத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பவள். வேன் ஓட்டுவதும் அவளே, மூட்டை தூக்குவதும் அவளே. ஒரு விடுதியின் பின்வாசலில் லாரிக்காரர் ஒருவர் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து, வேனின் பக்கக் கதவில் இடித்துவிட்டார். கதவு உள்வாங்கி மடிந்து, திறக்க முடியாமல் போயிற்று. அந்தக் கதவு வழியாகத்தான் அவள் பிழைப்பே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் பண்ணிக் குடுங்க சார். மூட்டைய டிரைவர் சீட்டு வழியாத் தள்ளித் தள்ளி இடுப்பு விட்டுப்போச்சு. ரெண்டு விடுதிக்காரங்க வேற ஆள் பாக்கறேன்னு சொல்லிட்டாங்க."

"கவலையே படாதீங்க. இந்த மாதிரி வண்டிய நான் ஒழுங்கா வரைஞ்சதே இல்ல" என்றார் கோணல் சார். அவர் கண் வேனின் கண்ணாடியில் விழுந்திருந்த மேகத்தின்மேல் இருந்தது.

அந்த வேனை அவர் உயிரைக் கொடுத்து வரைந்தார். சக்கரங்கள் ஒடுங்கிய வட்டங்களாக வந்தன. கண்ணாடியில் மேகம் வந்தது. கதவின் நசுங்கலையும் அப்போது ஒழுங்காகவே வரைந்திருந்தார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மறுநாள் தங்க நிலை வகுப்பில், பெருமை தாங்காமல் படத்தைக் குருவிடம் காட்டினார். குரு நெற்றியைத் தேய்த்தார்.

"எல்லாம் அற்புதம். இந்த இடத்துல மட்டும் நிழல் தப்பா விழுந்திருக்கே? பழைய கோணல் எட்டிப் பாக்குது."

கோணல் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அது நிழலல்ல, நசுங்கல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'கோணல்' என்ற சொல் அவர் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் விழவில்லை. பிசையும் ரப்பரை எடுத்தார். ஒற்றினார். மறுபடி ஒற்றினார். கதவு நேராயிற்று. கைப்பிடியில் ஒரு மினுமினுப்பையும் சேர்த்தார். அடியில் 'சேதத்துக்குக் காரணமானவர்' என்ற இடத்தில் லாரிக்காரரின் பெயரை அழகாக எழுதி, அனுப்பிவைத்தார்.

தலைமை அலுவலகத்தில் அந்தப் படத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிற்று. சலவைக்கார அம்மாவுக்கு ஒரு கடிதம் போயிற்று: 'படத்தாளின்படி தங்கள் வாகனம் நலமாக உள்ளது. வாழ்த்துகள்.' கிளைக்கு வேறொரு கடிதம் வந்தது: 'ஆண்டின் சிறந்த ஓவிய சர்வேயர்' விருது; ஆய்வாளர் நேரில் வந்து வழங்குவார்; அப்போது மேற்படி ஓவியத்தைச் சட்டம் போட்டுத் திறந்துவைக்க வேண்டும்; மேடையில் வாடிக்கையாளர் பிரதிநிதி ஒருவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

விழா நாளன்று எல்லாம் தயார். வாடிக்கையாளர் பிரதிநிதியை மட்டும் காணோம். மேலாளர் பதறிப்போய் வெளியே ஓடினார். வரவேற்பறை பெஞ்சில் கையில் ஒரு கடிதத்தோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க நம்ம கஸ்டமரா?"

"ஆமா சார். இந்தக் கடிதம் விஷயமா..."

"அதெல்லாம் அப்புறம். வாங்க, மேடையில உக்காருங்க!"

ஆய்வாளர் பாராட்டுரை வாசித்தார். "இவர் பென்சிலை எடுத்த நாள்முதல் இந்தக் கிளையின் வண்டிகளுக்குச் சேதமே இல்லை. கலை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கிளையின் கணக்கே பதில்." திரை விலகியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வேன் ஜொலித்தது. கோணல் சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேடையில் உட்கார்ந்திருந்தது யார் என்று அப்போதுதான் பார்த்தார்.

சலவைக்கார அம்மா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. படம் ரொம்ப நல்லா இருக்குங்க. என் வண்டிதான் அது. நம்பர்கூடச் சரியா இருக்கு. இவ்ளோ அழகா அத நானே பாத்ததில்ல." மேலாளர் கைதட்டினார். "பக்கக் கதவு நசுங்கி, திறக்க முடியாம நான் படாத பாடு படறேன். இங்க பாருங்க, கதவு நச்சுனு மூடியிருக்கு. கைப்பிடி மின்னுது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். முழுக் கதவ ரப்பரால மறைச்சத இப்பத்தான் பாக்கிறேன்."

மேலாளர் மறுபடி கைதட்டினார்; பழக்க தோஷம். பாதியில் நிறுத்தினார்.

"போன வருஷம் சின்னதா ஒரு கீறல். இதே சார்தான் வந்தாரு. அவர் போட்ட படத்துல என் வண்டி ரயில்ல மாட்டின மாதிரி இருந்துச்சு. கேட்டதுக்கு மேலயே குடுத்தீங்க. அப்பல்லாம் சார் ரொம்ப நல்லவரா இருந்தாரு."

பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நான் சண்டை போட வரல. ஒரு யோசனை சொல்றேன். இந்தப் படத்துல இருக்கிற வண்டிய எனக்குக் குடுத்துடுங்க. கீழ நிக்கிற வண்டிய நீங்க கண்ணாடி போட்டு மாட்டி வச்சுக்கோங்க."

ஆய்வாளர் தம் கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர், "இப்போது ஓவியரின் ஏற்புரை" என்று அறிவித்தார், வேறு வழி தெரியாமல்.

கோணல் சார் எழுந்தார். இரண்டு பக்க ஏற்புரை அவர் பையில் இருந்தது. அது அங்கேயே இருந்தது.

"நான் வரையக் கத்துக்கிட்டேன்னு எல்லாரும் சொன்னீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். "இப்பப் பாத்தா, நல்லா அழிக்கத்தான் கத்துக்கிட்டிருக்கேன். எனக்கு அவமானமா இருக்கு. மேடம், வண்டி எங்க நிக்குது?"

விருதை மேஜையிலேயே விட்டுவிட்டு, படத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வேனுக்கு எதிரே அவள் ஒரு துணி மூட்டையை இறக்கிப் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்தார். வட்டம் போடுவது சுலபம், பெட்டி போடுவது அதைவிடச் சுலபம், நசுங்கிய கதவைப் போடுவதுதான் கலை என்று அன்று தெரிந்தது. அதில் எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தைப்போலவும் இல்லை. ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கப் பார்க்க, அந்தக் கதவோடு மல்லுக்கட்டியே ஓடிய அவள் நாட்களும் தெரிந்தன.

"சார், அந்தக் கீழ் மடிப்பு விட்டுப்போச்சு" என்றாள் அவள், தோளுக்குமேல் எட்டிப் பார்த்து.

"வருது மேடம். அவசரப்படாதீங்க."

"நானா அவசரப்படறேன்?"

அவர் கீழ் மடிப்பை வரைந்தார்.

கிளைம் பாஸாயிற்று. தலைமை அலுவலகம் கூடவே ஒரு குறிப்பும் எழுதியது: 'ஓவியரின் தரத்தில் கவலைக்குரிய சரிவு தெரிகிறது. மீண்டும் தொடக்கநிலைப் பயிற்சிக்கு அனுப்பலாம்.' அதே படத்தைக் குருவுக்கும் காட்டினார். "கண்ணை உறுத்துதே" என்றார் குரு. "அதுக்குத்தாங்க வரைஞ்சேன்" என்றார் கோணல் சார். தங்க நிலையிலிருந்து அவர் நீக்கப்பட்டார். திரும்பி வந்த மற்ற கிளைம்காரர்களும் தங்கள் தங்கள் வண்டிகளோடு அலுவலக வாசலில் வரிசை கட்டினார்கள். அவர் ஒவ்வொன்றாக மறுபடி வரைந்தார். மேலாளருக்கு நஷ்டம் தொடங்கிற்று. 'ஓவியர்' பழையபடி 'கோணல் சார்' ஆனார். சட்டம் போட்ட வேன் மட்டும் மேலாளர் அறையில் இன்னும் தொங்குகிறது.

வரிசை ஓய்ந்த ஒரு மாலை, கோணல் சார் முன்னறையில் வந்து உட்கார்ந்தார். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். ஓவியத்தாள் தீர்ந்துபோயிருந்ததால், பையில் மிஞ்சிய ஒரு படத்தாளை எடுத்து, கட்டத்துக்குள் அவளை வரைந்தார். இந்தத் தடவை எதையும் ஒற்றி எடுக்கவில்லை. கண்டது கண்டபடி வந்தது. முடிந்ததும் அவருக்கே திக்கென்றது. புருவத்துக்கு நடுவே ஆழமாக இரண்டு மடிப்பு. இடுங்கிய கண். முகம் துணியோடு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்திருந்தது.

தயங்கித் தயங்கி நீட்டினார். அவள் மினுக்குகிற பல்புக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான்தான்" என்றாள்.

"ரொம்பக் கோவமா வந்துடுச்சோ?"

"கோவமில்ல. ஊசி கண்ணுக்குத் தெரியல. மேஜை விளக்கு உங்ககிட்டப் போனதுலேருந்து இந்த மூஞ்சிதான். இன்னைக்குத்தான் நிமிர்ந்து பாத்திருக்கீங்க."

கோணல் சார் எழுந்து போய் விளக்கைக் கொண்டுவந்து மிஷின் பக்கத்தில் வைத்துப் போட்டார். அவள் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கீங்க. சேதத்த ஒண்ணு விடாமப் பாத்திருக்கீங்க" என்றாள். பிறகு தாளின் அடியைக் காட்டினாள். "இங்க ஒரு வரி காலியா இருக்கே, சார்?"

கோணல் சார் பென்சிலை வாங்கினார். 'சேதத்துக்குக் காரணமானவர்' என்ற இடத்துக்கு எதிரே தம் பெயரை எழுதினார். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை.